கொல்வதா, அடக்குவதா? ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் நோயின் சிகிச்சை வழிகள்: ஒரு மதிப்பாய்வு

மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, அறுவை செய்து எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நோயாளியோ உடன் வந்தவரோ கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எடுத்தாலும் திரும்ப வளருமாமே, அப்புறம் எதற்கு எடுப்பது?" ஊர் அனுபவத்தில் பிறந்த இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சைனஸ் நோய்களில் ஒரு வகைக்கு அது மிகவும் பொருந்தும். ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் நோய் என்பது அதன் பெயர். அறுவைக்குப் பிறகு இந்நோய் திரும்பியதாக மருத்துவ ஏடுகளில் வெளியான கணக்குகள் 10 விழுக்காட்டில் தொடங்கி ஏறத்தாழ 100 விழுக்காடு வரை போகின்றன. ஒரே நோய்க்கு இவ்வளவு அகன்ற கணக்கு வருவது வியப்புதான். அறுவைக்குப் பின் என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள் என்பவற்றைப் பொறுத்து எண் மாறிவிடுகிறது என்பதே அதற்கான முதன்மை விளக்கம்.

சுமார் 50 ஆண்டுகளாக இந்நோய்க்கு முன்வைக்கப்பட்ட சிகிச்சைகள் எல்லாம் ஓர் அடிப்படைக் கேள்வியிலிருந்து கிளைத்தவை. மூக்கில் இருப்பது பூஞ்சை என்றால் அதைக் கொல்ல வேண்டுமா, அல்லது அதைக் கண்டு கொதிக்கும் உடலை அடக்க வேண்டுமா? மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரிலும், முந்திரிக் காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அடுத்தடுத்து இருக்கும் அரியலூரிலும் வாழ்பவருக்கு இந்த விடைகளில் எது எந்த அளவுக்கு உதவும் என்பதை மனத்தில் வைத்து அவற்றை வரிசையாக எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மூக்கறைக்குள் நடப்பது என்ன?

கன்னம், நெற்றி, கண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஆகியவற்றின் எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. சிறு வாசல்கள் வழியே அவை மூக்குக்குள் திறக்கின்றன. பூஞ்சையின் நுண்வித்துகள் மூச்சோடு எல்லோருக்கும் உள்ளே போகின்றன. பெரும்பாலோருக்குச் சளியோடு வெளியேறியும் விடுகின்றன. ஒவ்வாமை உடல்வாகு கொண்ட சிலருக்கு மட்டும் அந்த வித்துகளைக் கண்டதும் உடல் மிகையாக எதிர்வினை புரிகிறது. ரத்தத்தில் ஐஜிஈ எனப்படும் ஒவ்வாமைப் புரதம் ஏறுகிறது. இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரள்கின்றன. சவ்வு வீங்கிச் சதையாகத் தொங்குகிறது. சளி இறுகி வாசலை அடைக்கிறது. அடைபட்ட அறையில் பூஞ்சை தங்குகிறது. தங்கிய பூஞ்சை ஒவ்வாமையை மேலும் கிளறுகிறது.

அறுவையின்போது அந்த அறையைத் திறந்தால் வெளிப்படும் பொருள் வழக்கமான சளியைப்போல் இருக்காது. பழுப்பும் பச்சையும் கருமையும் கலந்து, மாட்டுவண்டி அச்சுக்கு இடும் மசகைப்போல் கெட்டியாக இழுபடும். உறிஞ்சு குழாயையே அடைத்துக்கொள்ளும். அதை நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்கடுக்காக மடிந்து கிடக்கும் இயோசினோஃபில்கள், அவற்றிலிருந்து உண்டான ஊசிமுனைபோன்ற சார்கோ-லெய்டன் படிகங்கள், நடுவே தேடினால்தான் கிடைக்கும் அளவுக்குச் சில பூஞ்சை இழைகள். சவ்வுக்குள்ளோ எலும்புக்குள்ளோ பூஞ்சை நுழைந்திருக்காது. பூஞ்சை கொஞ்சம், உடலின் எதிர்வினையோ மிகுதி. சிகிச்சை பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு காட்சியைச் சுற்றியே நடக்கிறது.

சி.டி. ஸ்கேனில், அடைபட்ட அறையின் நடுவே வெண்திட்டுகள் தெரியும். அதே இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் காற்று நிறைந்த அறைபோலக் கறுத்துத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. இறுகிய சளி வருடக்கணக்கில் தேங்கினால் சுற்றியுள்ள எலும்பை அழுத்தி மெலியச் செய்கிறது. இளவயதினருக்கு ஒரு பக்கக் கண் முன்தள்ளி நிற்பதே சில வேளைகளில் முதல் அறிகுறியாக இருக்கிறது.

பெயர் வந்த வரலாறு

1976இல் சாஃபர்ஸ்டீன் என்ற மருத்துவர், நுரையீரலில் ஒவ்வாமைப் பூஞ்சை நோய் இருந்த ஒருவரின் மூக்கிலும் அதே போன்ற சளியும் சதையும் இருந்ததைக் குறித்தார். 1981இல் எடின்பரோவிலிருந்து மில்லர் குழுவினர் கன்ன அறைகளில் அதே நோய்க்கூறைக் கண்டு எழுதினர். 1983இல் அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர் கேட்சென்ஸ்டீனும் குழுவினரும் இதைத் தனி நோய் என்று நிறுவினர். அதற்கு முன் சைனஸில் பூஞ்சை தென்பட்டாலே அது திசுவைத் தின்னும் தொற்று என்று கருதிக் கடுமையாக வெட்டி எடுப்பது வழக்கமாக இருந்தது.

1994இல் பென்ட், கூன் என்ற இருவர் நோயை உறுதிசெய்ய ஐந்து அளவுகோல்களை வகுத்தனர்: ஒவ்வாமைக்கான சான்று, மூக்குச் சதை வளர்ச்சி, ஸ்கேனில் உரிய அடையாளம், திசுவுக்குள் பூஞ்சை நுழையாத நிலையில் இயோசினோஃபில் மிகுந்த சளி, அச்சளியில் பூஞ்சை. இன்றும் பெரும்பாலோர் கையாள்வது இவற்றைத்தான்.

1999இல் மேயோ கிளினிக்கின் பொனிக்காவ் குழு இந்தத் தெளிவைக் கலைத்தது. நாள்பட்ட சைனஸ் நோயாளிகள் 210 பேரில் 96 விழுக்காட்டினரின் சளியில் பூஞ்சை வளர்ந்ததாக அவர்கள் எழுதினர். பூஞ்சைதான் எல்லா நாள்பட்ட சைனஸ் நோய்க்கும் வேர் என்று ஒரு தரப்பு முழங்கியது. ஒப்பீட்டுக்காக எடுத்த நோயற்றவர்கள் அனைவரின் மூக்கிலும் பூஞ்சை இருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்திருந்தது. அப்படியானால் பூஞ்சை இருப்பது மட்டும் நோயாகாது என்று மறுதரப்பு சொன்னது. 2020இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி இந்நோயை 'இரண்டாம் வகை' எதிர்ப்பாற்றல் அழற்சிகளில் ஒன்றாக வகைப்படுத்தியது. அதாவது, தட்டு உடலின் எதிர்வினை பக்கம் சாய்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பெயருக்கு இன்னொரு சுமையும் ஏறியது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, கருப்புப் பூஞ்சை என்று பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ் நோயை மாநில அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து திசுவை அழுகச் செய்யும் நோய்; சில நாள் தாமதமும் கண்ணையோ உயிரையோ பறிக்கும். ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்வது. இரண்டுக்கும் பொதுவானது 'பூஞ்சை' என்ற சொல்தான். பரிசோதனை அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதும் எழும் அச்சம், கொல்லும் மருந்து வேண்டும் என்ற கோரிக்கையாக மாறிவிடுகிறது.

இந்த மண்ணும் பூஞ்சாணமும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் மிகுதி. அங்கே பைபோலாரிஸ், கர்வுலேரியா போன்ற கருநிறப் பூஞ்சைகள் முன்னிற்கின்றன. இந்தியாவில் பெரும்பாலும் கிடைப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2002இல் தென்னிந்திய நோயாளிகளை ஆராய்ந்து எழுதியதும், சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் அருணலோக் சக்கரவர்த்தி குழுவினர் நெடுங்காலமாகச் செய்துவரும் ஆய்வுகளும் இந்தியச் சூழலை அறிய உதவுபவை. சக்கரவர்த்தி குழு வட இந்தியக் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கு 2015இல் வந்தது. பூஞ்சை சார்ந்த சைனஸ் நோய் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருந்ததாகவும், அவற்றில் ஒவ்வாமை வகையே மிகுதி என்றும் அது காட்டியது.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் விவசாயிக்குப் புதியதல்ல. ஈரம் காயாத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகப் படர்ந்து, அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சாணம் அதுதான். பெரம்பலூர் தமிழ்நாட்டின் முன்னணி மக்காச்சோள மாவட்டங்களில் ஒன்று. புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் தை, மாசியில் அறுவடைக்கு வருகிறது. கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுற்றி எழும் தூசிக்குள் நின்று வேலை செய்பவர்களும், களத்திலும் சாலையோரத்திலும் தானியத்தைக் கிளறிக் காயவைப்பவர்களும் அந்த வித்துகளை மற்றவர்களைவிடக் கூடுதலாக மூச்சில் வாங்குவார்கள் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

ஆனால் இங்கிருந்து ஒரே தாவலில் முடிவுக்குப் போக முடியாது. ஒரே களத்தில் ஒரே தூசியை மூச்சிழுக்கும் பலரில் எங்கோ ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. வித்து வேண்டும், அதை ஏற்காத உடல்வாகும் வேண்டும். அரியலூரில் சிமெண்ட் ஆலைத் தூசி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி என்று பலரும் கைகாட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்தத் தூசி சவ்வை எரிச்சலூட்டலாம். அது பூஞ்சை ஒவ்வாமை ஆகாது. முகத்துணி கட்டுவது, காயாத தானியத்தை மூட்டை கட்டாமல் இருப்பது ஆகியவை நல்ல பழக்கங்கள். வந்த நோயைத் தீர்க்கும் சிகிச்சை என்று அவற்றைச் சொல்ல முடியாது.

முதல் நிலைப்பாடு: திறந்து வெளியேற்று

எல்லாத் தரப்பும் ஒத்துப்போகும் இடம் இதுதான். இறுகிய சளி உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் அந்த அறைக்குள் எட்டாது. ஒவ்வாமையைத் தூண்டும் பொருளும் தீராது. உதட்டுக்கு உள்ளே கீறிக் கன்ன எலும்பைத் திறக்கும் பழைய கால்டுவெல்-லக் அறுவைக்கு மாற்றாக, 1980களில் கிராட்ஸ் நகரின் மெஸ்ஸர்கிளிங்கர், ஸ்டாம்பர்கர், அமெரிக்காவின் கென்னடி ஆகியோரின் முயற்சியால் மூக்குத் துளை வழியே உள்நோக்கி கொண்டு செய்யும் அறுவை பரவியது. சவ்வைக் காப்பாற்றிக்கொண்டு, வாசல்களை அகலமாகத் திறந்து, எல்லா மூலைகளிலிருந்தும் சளியை அகற்றுவது அதன் குறிக்கோள்.

பலவீனமும் இங்கேயே இருக்கிறது. எட்டாத ஓரறையில் எஞ்சும் சிறு துணுக்குகூட நோயை மீண்டும் கிளப்பலாம். முழுமையாக எடுத்தாலும் உடலின் ஒவ்வாமை அப்படியே இருக்கிறது. களை திரும்ப முளைக்கும் என்று தெரிந்துதான் விவசாயி களை எடுக்கிறார். எடுத்ததோடு நிலத்தை மறந்துவிடுவதில்லை. அறுவை இந்த நோயின் சிகிச்சைக்குத் தொடக்கம் என்பதே இன்றைய பொதுக் கருத்து.

நோயறிதலும் அறுவை மேசையிலேயே தீர்மானமாகிறது. தொங்கும் சதையை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுச் சளியை உறிஞ்சிக் குடுவைக்குள் விட்டால் முதன்மைச் சான்று தொலைந்துவிடும். சளியின் ஒரு பகுதி ஃபார்மலினில் நோய்க்கூறியல் பிரிவுக்குப் போக வேண்டும். இன்னொரு பகுதி ஃபார்மலின் படாமல், உப்புநீரில், பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்குப் போக வேண்டும். சவ்வுக்குள் பூஞ்சை நுழையவில்லை என்று நோய்க்கூறியல் மருத்துவர் உறுதி சொல்வது இந்தியாவில் கூடுதல் முக்கியம். திசுவுக்குள் மெல்லப் புகும் நாள்பட்ட பூஞ்சைத் தொற்றும் இதே ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸால் இங்கே வருகிறது. அதற்குப் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கட்டாயம். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கேடு.

இரண்டாம் நிலைப்பாடு: உடலை அடக்கு

எதிர்வினைதான் நோய் என்றால் அதைத் தணிப்பதுதான் மருந்து. ஸ்டீராய்டுக்கான வாதம் இவ்வளவே. 1998இல் ஷூபர்ட், கோட்ஸ் இருவரும் 67 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது தாமதமாவதாக எழுதினர். அங்கே ஒப்பீட்டுக்குச் சரியான எதிர்க்குழு இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்ற ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது தமிழ்நாட்டிலேயே நடந்தது. வேலூரில் ரூபா வேதாந்தம் குழுவினர் 24 நோயாளிகளை அறுவைக்குப் பின் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 50 மில்லிகிராம் ஆறு வாரம், பிறகு படிப்படியாகக் குறைத்து இன்னும் ஆறு வாரம். மறு குழுவுக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. இரு குழுவினருக்கும் இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் பொது. 2010இல் வெளியான முடிவுகளின்படி, 12 வாரத்தில் பிரெட்னிசோலோன் எடுத்தவர்களின் நிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. எடை கூடுதல், முகம் உப்புதல், முகப்பரு, சர்க்கரை ஏறுதல் போன்றவையும் சிலருக்கு வந்தன.

24 பேர் என்பது சிறிய எண். 12 வாரம் என்பது குறுகிய காலம். ஆயினும் இவ்வாய்விலிருந்து அதிகம் பேசப்படாத ஒன்றையும் வாசிக்கலாம். வெற்று மாத்திரைக் குழுவும் இட்ராகோனசோல் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆகவே அறுவை, பூஞ்சைக்கொல்லி, ஸ்பிரே ஆகிய மூன்றும் சேர்ந்தும் வாய்வழி ஸ்டீராய்டு தந்த பலனை எட்டவில்லை என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது.

வாய்வழி ஸ்டீராய்டின் பலவீனம் அதன் விலையில் இல்லை. அது மலிவான மாத்திரை. சர்க்கரை நோயும் காசநோயும் பரவலாக உள்ள சமூகத்தில் அதன் பின்விளைவுகள்தான் சிக்கல். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டித் தானாக வாங்குவதும், நல்லாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்தானவை. ஆறு வாரம் உயர் அளவில் எடுத்தவரின் உடல், தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். அளவைப் படிப்படியாக இறக்குவது அதனால்தான். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதில் உலகம் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

இந்தச் சிக்கலைச் சுற்றிப் போக ஒரு வழி, மருந்தை மூக்கோடு நிறுத்துவது. வாசல்கள் அகலத் திறக்கப்பட்டபின், நெபுலைசரில் போடும் பியூடசோனைடு மருந்தைக் கால் லிட்டர் அளவு உப்புநீரில் கலந்து மூக்கைக் கழுவுவது இப்போது பரவிவருகிறது. ஸ்பிரே எட்டாத மூலைகளுக்கும் இந்த நீர் எட்டுகிறது. ரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு மிகக் குறைவு. பொதுவான நாள்பட்ட சைனஸ் நோய்க்குச் சான்று ஓரளவு நன்றாக இருக்கிறது. இந்தக் குறிப்பிட்ட நோய்க்கெனச் செய்த ஆய்வுகள் குறைவு.

மூன்றாம் நிலைப்பாடு: பூஞ்சையைக் கொல்

விதை நேர்த்திக்கே பூஞ்சாணக்கொல்லி கலப்பவருக்கு, மூக்கில் பூஞ்சை என்றால் அதற்கும் ஒரு கொல்லி மருந்து இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. மருத்துவத்திலும் அந்தத் தர்க்கம் வலுவாகவே இருந்தது. நுரையீரலில் இதே ஒவ்வாமை வரும்போது இட்ராகோனசோல் உதவுகிறது. சண்டிகரின் ரித்தேஷ் அகர்வால் குழு 131 பேரிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பிரெட்னிசோலோன் எடுத்த அனைவருக்கும் குணம் தெரிந்தது. இட்ராகோனசோல் மட்டும் எடுத்தவர்களில் 88 விழுக்காட்டினருக்குத் தெரிந்தது. பின்விளைவு குறைந்த மாற்று என்ற தகுதியை அது பெற்றது. சைனஸுக்கு, 2003இல் ரெயின்ஸ், மினெக் இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இட்ராகோனசோல் கொடுத்த அனுபவத்தை நம்பிக்கையோடு எழுதினர். அறுவைக்கு முன்பே அதைக் கொடுத்துப் பார்த்த சண்டிகர் ஆய்வும் 2015இல் முன்னேற்றத்தைப் பதிவு செய்தது.

எதிர்ச்சான்றும் குறைவில்லை. ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தால் மூக்கைக் கழுவினால் நோய் தணிகிறது என்று பொனிக்காவ் குழு 30 பேரிடம் செய்த ஆய்வு 2005இல் சொன்னது. அடுத்த ஆண்டே, ஐரோப்பாவில் எப்பன்ஸ் குழு 116 பேரிடம் செய்த ஆய்வில் மருந்துநீருக்கும் வெற்றுநீருக்கும் வேறுபாடு தெரியவில்லை. டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையும் 2005இல் அப்படியே தோற்றது. 2018இல் காக்ரேன் தொகுப்பாய்வு நாள்பட்ட சைனஸ் நோய்க்குப் பூஞ்சைக்கொல்லிகள் உதவுவதற்குப் போதிய சான்றில்லை என்றது.

இரு தரப்பிலும் ஓட்டை உண்டு. ஆதரவு ஆய்வுகள் பலவற்றில் எதிர்க்குழு இல்லை. எதிர்ப்பு ஆய்வுகளில் பெரும்பாலானவை எல்லா வகைச் சைனஸ் நோயாளிகளையும் கலந்து எடுத்தவை. ஒவ்வாமைப் பூஞ்சை நோயாளிகளை மட்டும் பிரித்து, ஸ்டீராய்டு இல்லாமல் இட்ராகோனசோலைச் சோதித்தால்தான் விடை தெளியும். இன்னொரு சிக்கலும் உண்டு. இட்ராகோனசோல் கல்லீரலின் நொதியைத் தடுத்துச் சில ஸ்டீராய்டுகளை உடலில் நெடுநேரம் தங்க வைக்கிறது. புளுட்டிகாசோன் ஸ்பிரே, பியூடசோனைடு ஆகியவையும் அவற்றில் அடக்கம். ஆகவே இட்ராகோனசோலால் கிடைத்த நன்மை பூஞ்சையைக் கொன்றதாலா, ஸ்டீராய்டின் வலுவைக் கூட்டியதாலா என்று பிரிப்பது எளிதல்ல. கூட்டினால் ஸ்டீராய்டின் தீமையும் கூடும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். உணவோடு எடுக்க வேண்டும். வாயு மாத்திரை என்று பலரும் அன்றாடம் விழுங்கும் ஒமிப்ரசோல் அதைத் தடுக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு இம்மருந்து பெரும்பாலும் பயனற்றுப் போகும். இதயம் பலவீனமானவருக்கு ஆகாது. மாதக்கணக்கில் எடுத்தால் கல்லீரல் பரிசோதனை வேண்டும்.

நான்காம் நிலைப்பாடு: உடலைப் பழக்கு

ஒவ்வாமைப் பொருளையே சிறு அளவில் ஊசியாகச் செலுத்தி உடலைப் பழக்கும் முறையை 1990களில் டல்லாஸில் மேப்ரி குழுவினர் இந்நோய்க்குக் கையாண்டனர். பூஞ்சைச் சாற்றைச் செலுத்தினால் நோய் கிளம்பும் என்ற அச்சம் முதலில் இருந்தது. அறுவையில் சளியை முழுதும் அகற்றியபின் கொடுத்தபோது அது பெரிதாக நிகழவில்லை. முதல் சில ஆண்டுகளில் சதை வளர்ச்சி குறைந்ததாகவும் பதிவானது. 2002இல் அதே நகரிலிருந்து வந்த 4 முதல் 10 ஆண்டுக் கணக்கில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு மங்கிப்போயிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஊசிக்கு வந்துபோகும் அலைச்சலையும் கணக்கில் எடுத்தால், இதைத் துணைச் சிகிச்சை என்பதற்கு மேல் உயர்த்த இப்போதைய சான்று போதாது.

ஐந்தாம் நிலைப்பாடு: புதிய ஊசிகள்

ஒவ்வாமைச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் அறுக்கும் உயிரியல் மருந்துகள் மூக்கு நோய்களுக்குக் கடந்த பத்தாண்டில் வந்தவை. ஐஜிஈ புரதத்தைப் பிடிப்பது ஓமாலிசுமாப். இரண்டாம் வகை அழற்சிக்குரிய இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றின் சைகையைத் தடுப்பது டூபிலுமாப். மூக்குச் சதை வளர்ச்சிக்கு டூபிலுமாப் 2019இலும் ஓமாலிசுமாப் 2020இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. பூஞ்சை ஒவ்வாமை நோயாளிகளுக்கெனத் தனியே செய்த சோதனைகள் சிறியவை. அவற்றின் போக்கு நம்பிக்கை தருவதாகவே உள்ளது.

இவை பூஞ்சையைத் தொடுவதே இல்லை. அப்படியிருந்தும் நோய் தணிகிறது என்றால், எதிர்வினையே நோய் என்ற தரப்புக்கு அதைவிட வலுவான வாதம் வேண்டியதில்லை. சிக்கல் விலையில். இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி என்று காலவரையின்றித் தொடரும் டூபிலுமாப், விவசாயக் கூலி வேலை செய்பவரின் மாத வருமானத்தை எளிதில் விழுங்கிவிடும். நிறுத்தினால் நோய் திரும்புமா என்பதற்கும் உறுதியான விடையில்லை. பலமுறை அறுவை செய்தும் கட்டுப்படாதவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுக்க முடியாதவர்களுக்கும் உரிய கடைசிப் படி என்று இப்போதைக்கு இவற்றை வைக்கலாம்.

கைவைத்தியம் எங்கே நிற்கிறது?

சித்த மருத்துவம் மூக்கு நோய்களைப் பீனிசம் என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகிறது. நொச்சித் தழை போட்டு வேது பிடிப்பதும், நீர்க்கோவைக்கு நெற்றியில் பற்றுப் போடுவதும் இன்றும் வீடுகளில் நடப்பவை. ஆவி சளியை இளக்கி, அடைப்பின் வேதனையைக் குறைக்கலாம். மசகாக இறுகி எலும்பறைக்குள் கிடக்கும் பொருளை அது வெளியேற்றாது. கைவைத்தியத்தின் தீங்கு பெரும்பாலும் அதன் பொருளில் இல்லை; கண் பிதுங்கும்வரை அதிலேயே நாளைக் கடத்துவதில் இருக்கிறது. பச்சிலைச் சாற்றை நேரடியாக மூக்கில் விடுவது, குறிப்பாக அறுவைக்குப் பின், சவ்வைப் புண்ணாக்கலாம்.

மூக்கைக் கழுவும் யோக மரபின் நேதி மட்டும் நவீன மருத்துவத்தோடு கைகோத்துவிட்டது. அறுவைக்குப் பின் உப்புநீரால் கழுவுவதைப் பரிந்துரைக்காத தரப்பு ஏறத்தாழ இல்லை. நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மூக்கு வழியே மூளைக்குச் செல்லும் அமீபாவால் 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் நேர்ந்த இறப்புகள் அந்த நிபந்தனையின் எடையை உணர்த்தின. கேன் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் கொதிக்க வைத்த நீருக்கு ஈடாகா.

மருந்தைவிடப் பெரிய கேள்வி

மேலே கண்ட வழிகளை அடுக்கிப் பார்த்தால், எந்த மருந்து என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொன்று நிற்பது தெரிகிறது: அறுவைக்குப் பிறகு நோயாளி திரும்பி வருகிறாரா? ஏறத்தாழ எல்லா நல்ல முடிவுகளும், முதல் சில வாரங்களில் உள்நோக்கியால் மூக்கைச் சுத்தம் செய்து, பின் மாதங்களில் தொடர்ந்து பார்த்த இடங்களிலிருந்து வந்தவை. சதை திரும்பும்போது உள்நோக்கிக்கு முதலில் தெரியும். நோயாளிக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

பெரம்பலூர்க்காரருக்குப் பெரிய மருத்துவமனை என்றால் திருச்சி. அரியலூர்க்காரருக்குத் திருச்சியோ தஞ்சாவூரோ. ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போக, அடைப்பு விட்டு மூச்சு நன்றாக வரும்போது எதற்குப் போவது என்ற எண்ணம் எழுவது இயற்கை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது; மாதந்தோறும் வாங்கும் ஸ்பிரேவும் கழுவுநீர் மருந்தும் பெரும்பாலும் கைக்காசில்தான்.

நிலைமை மாற வாய்ப்பும் இருக்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூரை ஒட்டிய சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சிக்கலான அறுவை தொலைவில் நடந்தாலும், பின்தொடர் சோதனைக்கு உள்நோக்கியும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இருந்தால் போதும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தேவையான சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனைகளை 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஏற்கெனவே வீட்டு வாசலில் செய்கிறது. இந்த இழைகளை ஒன்றாக இணைப்பது கொள்கை அளவில் கடினமல்ல.

மதிப்பீடு

இன்றைய சான்றுகளைக் கொண்டு ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. அறுவை முதல் படி. அதன்பின் ஏதோ ஒரு வடிவில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் கட்டுப்படுவது அரிது. உப்புநீர்க் கழுவல் எல்லோருக்கும் ஏற்றது. திசுவுக்குள் பூஞ்சை நுழையவில்லை என்ற உறுதி, அறுவைக்குப் பிந்தைய மருந்து தொடங்கும் முன்பே வேண்டும்.

திறந்தே நிற்கும் கேள்விகள் மூன்று. வாய்வழி ஸ்டீராய்டை எவ்வளவு குறைத்து, எவ்வளவு காலம் கொடுத்தால் போதும் என்பது முதலாவது. ஸ்டீராய்டு ஆகாதவருக்கு இட்ராகோனசோல் நம்பத்தக்க மாற்றா என்பது இரண்டாவது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் மிகுந்த இந்தியாவில்தான் இதற்குச் சரியான விடை கிடைக்க முடியும். புதிய ஊசிகள் அறுவையைத் தள்ளிப்போடுமா, ஸ்டீராய்டை மட்டும் மிச்சப்படுத்துமா என்பது மூன்றாவது.

கொல்வதா, அடக்குவதா என்ற பழைய வழக்கில் தராசு அடக்குவதன் பக்கம் சாய்ந்திருக்கிறது, வழக்கு முடிந்துவிடவில்லை. "எடுத்தாலும் திரும்ப வளருமாமே" என்று கேட்பவருக்கு இப்போதைக்குத் தரக்கூடிய நேர்மையான பதில், வளரலாம் என்பதுதான். எப்போது வளர்கிறது என்று பார்க்க ஆள் இருந்தால், பெரும்பாலும் இரண்டாவது அறுவை வரை போகாமல் அதைத் தடுக்க முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.